ஊருக்கு வரும் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’: அமெரிக்காவில் சுற்றுப்பயண இசைநாடகத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு

ஆறு மாதம் தங்கிப் போக வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் யூதப் பால்காரர் ஒருவரின் குடும்பக் கதையைச் சொல்லும் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ நாடகத்துக்கு முதன்முறை அழைத்துச் சென்றபோது நான் செய்யாத தவறு இல்லை. டிக்கெட்டுக்கு ஏறத்தாழ இரு மடங்கு பணம் கொடுத்தேன். தொடக்கப் பாட்டு முழுவதையும் மூடிய கதவுக்கு வெளியே தொங்கிய சிறு திரையில் பார்த்தேன். முழங்கால் வலி உள்ள அம்மாவை மூன்று மாடி உயரத்துக்குப் படி ஏற வைத்தேன். அடுத்த பருவத்தில் அதே சுற்றுப்பயணம் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள வேறொரு நகரத்துக்கு வந்தபோது, இந்த முறையாவது ஒழுங்காகப் போய்வர வேண்டும் என்று பிடிவாதமாக எல்லாவற்றையும் விசாரித்துச் சென்றேன். அந்த இரண்டு பயணங்களிலும் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். இதே அரங்குகளுக்கு வரும் வேறு பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) நாடகங்களுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

1. எந்தத் தயாரிப்பு என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஒரே பெயரில் பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 1964இல் பிராட்வேயில் அரங்கேறிய இந்த நாடகத்தை உரிமம் பெற்று உயர்நிலைப் பள்ளிகளும் ஊர்க் குழுக்களும் ஆண்டுதோறும் மேடையேற்றுகின்றன. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் இதன் வடிவம் 2018இல் நியூயார்க்கில் ஆங்கில எழுத்துரையுடன் மேடையேறியது. 1971இல் வந்த திரைப்படத்தையும் சில அரங்குகள் அவ்வப்போது திரையிடுகின்றன. நான் இங்கே பேசுவது தொழில்முறைக் குழு ஒன்று ஆடைகள், அரங்கப் பொருள்கள், இசைக்கலைஞர்கள் சகிதம் லாரிகளில் நகரம் நகரமாகச் செல்லும் சுற்றுப்பயணத்தைப் பற்றி. நாங்கள் பார்த்தது, பார்ட்லெட் ஷெர் 2015இல் பிராட்வேயில் இயக்கிய மறு அரங்கேற்றத்தை ஒட்டி, 2018 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் சைரக்யூஸ் நகரத்தில் கிளம்பிய சுற்றுப்பயணம்.

ஊர்க் குழுவின் நாடகம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் மகளின் பள்ளியில் போட்ட நாடகத்தில் பால்காரராக நடித்த பையனை அம்மா இன்னும் விசாரிக்கிறார். ஆனால் பள்ளி அரங்கில் நடப்பதற்குப் பெரிய அரங்கின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. நிகழ்ச்சிப் பக்கத்தில் அரங்கின் பெயர், தயாரிப்பு நிறுவனம், மொழி ஆகிய மூன்றையும் படித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

2. நாள் குறிப்பது

சுற்றுப்பயண நாடகம் பெரும்பாலான நகரங்களில் ஒரு வாரம் மட்டுமே தங்கும். செவ்வாய் மாலை தொடங்கி ஞாயிறு வரை எட்டுக் காட்சிகள் என்பது பொதுவான அமைப்பு. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு காட்சிகள் இருக்கும். எங்கள் பகுதியில் அடுத்த பருவத்துக்கான நாடகப் பட்டியலை வசந்த காலத்திலேயே வெளியிட்டுவிடுகிறார்கள். முதலில் முழுப் பருவத்துக்கும் சந்தா கட்டியவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டு, தனி டிக்கெட்டுகளை நாடகம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் விற்பனைக்குத் திறப்பார்கள். அரங்கின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து வைத்தால் பொது விற்பனைக்கு ஓரிரு நாள் முன்பாகவே வாங்குவதற்கான குறியீடு வரும். அதற்குச் செலவில்லை.

பெற்றோருக்காக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டை வாங்கிவிட்டால் காட்சி ரத்தானால் ஒழியப் பணம் திரும்பாது. தேதியை மாற்றும் சலுகையும் பெரும்பாலும் சந்தாதாரர்களுக்குத்தான். ஆகவே விசா கைக்கு வந்து விமான டிக்கெட்டும் உறுதியான பிறகு வாங்குங்கள். அவர்கள் ஏற்கெனவே வந்திருந்தால், நாடகத் தேதி, நாட்டில் நுழைந்தபோது ஐ-94 என்ற வருகைப் பதிவில் தங்குவதற்கான கடைசி நாளாகக் குறிக்கப்பட்ட தேதிக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் வாரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்; பெட்டி கட்டும் வீட்டில் யாருக்கும் நாடகம் பார்க்கும் மனம் இருக்காது.

3. டிக்கெட் எங்கே வாங்குவது

என் பணம் போனது இங்கேதான். தேடுபொறியில் நாடகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தட்டினேன். முதலில் வந்த முகவரியில் அரங்கின் பெயரே இருந்தது. பக்கத்தின் தலையில் அரங்கின் படமும் இருந்தது. ‘இன்னும் 6 இடங்களே உள்ளன’ என்ற சிவப்பு எழுத்தும், பத்து நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே வரும் கடிகாரமும் என்னை அவசரப்படுத்தின. நான்கு டிக்கெட்டுகளுக்கு 592 டாலர் கட்டிய பிறகு வந்த ரசீதின் அடியில், சிறிய எழுத்தில், அது மறுவிற்பனை நிறுவனம் என்றும் அரங்கோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் எழுதியிருந்தது. அன்று மாலையே அரங்கின் உண்மையான பக்கத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தபோது அதே வரிசையில் இடங்கள் காலியாக இருந்தன. நான்குக்கும் சேர்த்து 300 டாலர்தான். அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ‘விற்பனை இறுதியானது’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

இதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. தேடல் முடிவில் விளம்பரம் என்று குறிக்கப்பட்ட எதையும் சொடுக்காதீர்கள். நாடகத்துக்கென இருக்கும் அதிகாரபூர்வ இணையதளத்தில் சுற்றுப்பயணப் பக்கத்தைத் திறந்து, உங்கள் நகரத்தின் பெயரைத் தொட்டு, அது அழைத்துச் செல்லும் அரங்கின் பக்கத்திலேயே வாங்குங்கள். அங்கும் சில இடங்களுக்கு ‘மறுவிற்பனை’ என்ற குறி இருக்கலாம். அந்த இடங்களை வடிகட்டி நீக்கும் வசதி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ள மத்திய வர்த்தக ஆணைய விதியின்படி, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த தொகையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். எனவே 75 என்று ஆரம்பித்துக் கடைசித் திரையில் 148 ஆகும் வித்தை முன்பு போல் நடக்கக் கூடாது. ஆனால் மறுவிற்பனையாளர் எவ்வளவு விலை வைக்கலாம் என்பதை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை.

எல்லாவற்றையும் விட எளிய வழி, அரங்கின் பாக்ஸ் ஆபீஸுக்கு நேரில் போவது. நமக்கு அந்தச் சொல் படத்தின் வசூலைத்தான் நினைவூட்டும்; இங்கே அது கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் டிக்கெட் கவுன்ட்டர். இணையச் சேவைக் கட்டணம் நேரில் வாங்கும்போது பல அரங்குகளில் குறையும், சிலவற்றில் இல்லாமலே போகும். இரண்டாம் முறை அந்த நகரத்துக்கு வேறு வேலையாகப் போன ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சன்னலருகே நின்று, தரைத்தள ஓரத்தில் தலைக்கு 64 டாலர் வீதம் நான்கு இடங்களுக்கு 256 டாலர் கொடுத்தேன். சன்னலில் இருந்த பெண்மணி திரையை என் பக்கம் திருப்பி, எந்த இருக்கைக்கு முன்னால் தூண் இருக்கிறது என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

நண்பர் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் குழுவிலையையும் கேளுங்கள். பத்துப் பேர் அல்லது பதினைந்து பேரிலிருந்து தள்ளுபடி தொடங்கும் அரங்குகள் உண்டு. ஆனால் ஒருவர் பெயரில் மொத்தப் பணமும் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டியிருக்கும். வாட்ஸாப் குழுவில் ‘வருகிறோம்’ என்று கட்டைவிரல் காட்டியவர்களை நம்பிக் கட்டிவிடாதீர்கள்.

4. எந்த இருக்கை

நம் ஊர்த் திரையரங்குகளில் பால்கனி டிக்கெட்தான் விலை கூடியது, மதிப்பும் கூடியது. அந்தப் பழக்கத்தில், இங்கே பால்கனி மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினேன். இங்கே பால்கனி என்பது உச்சித்தளம். தரைத்தளத்தை ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். இசைக்குழு உட்காரும் இடம் அன்று. அதற்கு மேலே உள்ளது மெஸனைன். அதற்கும் மேலே பால்கனி. சுற்றுப்பயண நாடகங்கள் வரும் அரங்குகள் பல, 1920களில் கட்டப்பட்ட அலங்காரமான பழைய மாளிகைகள். மேல்தளங்களுக்கு லிஃப்ட் இல்லாதவை அவற்றில் நிறைய. வாங்குவதற்கு முன் ‘படி ஏறாமல் இந்த இருக்கைக்குப் போக முடியுமா’ என்ற ஒரே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முழங்கால், இதயம் தொடர்பான தொல்லை உள்ளவர்களுக்குப் படியில்லாத இருக்கைகள் என்று தனியாகவே ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

படி ஏறுவது சிரமமில்லை என்றால், இந்த நாடகத்துக்கு மெஸனைனின் முன்வரிசைகளைச் சிபாரிசு செய்வேன். கல்யாணக் காட்சியில் ஆண்கள் தலைமேல் பாட்டிலை நிறுத்தி, கை கோத்து, மண்டியிட்டு நகரும் ஆட்டத்தில், வரிசை மேடையில் போடும் கோலம் சற்று உயரத்திலிருந்துதான் தெரியும். தரைத்தளத்தின் கடைசி வரிசைகளுக்கு வேறு ஒரு குறை உண்டு. தலைக்கு மேலே மெஸனைன் நீட்டிக்கொண்டிருப்பதால் மேடையின் மேற்பகுதி வெட்டுப்படும். கனவுக் காட்சியில் ஆள் உயரத்தைத் தாண்டி எழும் ஆவியின் தலை அங்கிருப்பவர்களுக்குப் பாதிதான் தெரியும். ‘பகுதிப் பார்வை’ என்று குறிக்கப்பட்ட இருக்கையின் மலிவில் மயங்க வேண்டாம்.

5. பெயரும் ஆவணங்களும்

டிக்கெட் இப்போது பெரும்பாலும் கைப்பேசியில்தான். அதன் பட்டைக்குறி சில நொடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டிருக்கும் வகையாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பழைய கட்டடங்களின் தடித்த சுவருக்குள் சிக்னல் கிடைக்காமல் வாசலில் வழிமறித்துக்கொண்டு நிற்பவர்களை இரண்டு முறையும் பார்த்தேன். வீட்டிலேயே கைப்பேசியின் வாலட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் உள்ளூர் எண் இல்லையென்றால் எல்லாருடைய டிக்கெட்டையும் உங்கள் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு ஒன்றாக நுழையுங்கள்.

காகித டிக்கெட் வேண்டுமென்றால், ‘வில் கால்’ என்ற முறையில், காட்சியன்று சன்னலில் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு வாங்கிய கார்டும் படம் உள்ள அடையாள அட்டையும் தேவை. தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. உறைகளைக் குடும்பப் பெயரின் அகர வரிசையில் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், டிக்கெட் கணக்கில் நாம் அவசரத்தில் எதையோ நிரப்பியிருப்போம். என் பெயரில் உறை இல்லை என்று மூன்று முறை சொன்ன இளைஞர், நான்காம் முறை அப்பாவின் பெயரைச் சொன்னதும் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போதே ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி பெயரைத் தட்டுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் உள்ள ஆர்டர் எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

குழந்தைகளுக்கு மடியில் இடம் என்ற வழக்கம் இல்லை. வயது என்னவானாலும் ஒரு டிக்கெட். குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்காத அரங்குகளும் பல. இந்த நாடகத்தின் முதல் பாதி ஒரு கல்யாண வீடு அடித்து நொறுக்கப்படுவதோடு முடிகிறது என்பதையும் பெற்றோர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

6. காதுக்கும் கண்ணுக்கும் உதவி

எங்கள் அப்பா ஆங்கிலச் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். ஆனால் பாட்டாக வரும் அமெரிக்க ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. முதல் முறை பாதிக்கு மேல் என்னிடம் ‘என்ன சொல்றான்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார், முன்வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்தது. இதற்குத் தீர்வு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பல அரங்குகள் அந்த வாரத்தின் ஒரு காட்சியில் வசனங்களையும் பாடல் வரிகளையும் மேடையோரத்தில் ஒரு மின்பலகையில் ஓடவிடுகின்றன. ‘ஓப்பன் கேப்ஷன்’ காட்சி என்று அதற்குப் பெயர். காது கேளாதவர்களுக்காக வைத்த ஏற்பாடுதான் என்றாலும் டிக்கெட் எல்லாருக்கும் பொதுவானது. பலகை தெரியும் பகுதியில் இடம் வேண்டும் என்று சொல்லி வாங்க வேண்டும். நாள் குறிப்பதற்கு முன்பே இந்தக் காட்சி எந்தக் கிழமை என்று விசாரிப்பது நல்லது. இரண்டாம் முறை அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

காது மந்தமானவர்களுக்கு ஒலியைக் கூட்டித் தரும் காதுக் கருவியை இலவசமாகத் தருவார்கள். பிணையாக ஓர் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். பெற்றோரின் கடவுச்சீட்டை அங்கே விட்டுவிடாதீர்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுங்கள்.

எந்த வசதி இருந்தாலும் கதையை முன்கூட்டிச் சொல்லி அழைத்துப் போவதற்கு ஈடாகாது. 1905ஆம் ஆண்டு, ரஷ்யாவில் ஜார் மன்னன் ஆட்சியில், அனடெவ்கா என்ற சிற்றூரில் வாழும் யூதப் பால்காரர் டெவ்யே. அவருக்கு ஐந்து பெண்கள், சீதனம் கொடுக்க வழியில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைச் சமையலறையில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, கீரையை ஆய்ந்தபடியே, ‘அஞ்சு பொண்ணப் பெத்தா அரசனும் ஆண்டிதான்’ என்றார். மீதிக் கதையைச் சொல்வது எளிதாகிவிட்டது. மூத்தவளைப் பணக்காரக் கசாப்புக்காரருக்குக் கொடுப்பதாகத் தந்தை வாக்குக் கொடுக்கிறார். அவளோ ஏழைத் தையற்காரனை விரும்புகிறாள். இரண்டாமவள் புரட்சி பேசும் மாணவனை விரும்பி, அவன் நாடுகடத்தப்பட்ட சைபீரியாவுக்குப் போகிறாள். மூன்றாமவள் யூதரல்லாதவனை மணக்கிறாள். அங்கே தந்தையால் வளைய முடியவில்லை. கடைசியில் மூன்று நாளில் ஊரைக் காலி செய்யச் சொல்லி ஆணை வருகிறது.

சில வழக்கங்களையும் சொல்லி வையுங்கள். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நிலைச்சட்டத்தைத் தொட்டு விரலை முத்தமிடுவது, அங்கே பதித்திருக்கும் மெசூசா என்ற சிறு பேழைக்குள் உள்ள வேத வரிகளுக்குச் செய்யும் மரியாதை. வெள்ளி மாலையில் ஓய்வுநாளை வரவேற்கப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கல்யாணம் ஒரு விதானத்தின் கீழ் நடக்கும்; மணமகன் கண்ணாடிக் கோப்பையைக் காலால் உடைப்பது அபசகுனம் அன்று, சடங்கு. ஆணும் பெண்ணும் பிரிந்து அமர்ந்திருக்கும் இடத்தில் ஒருவன் வந்து ஒரு பெண்ணை ஆட அழைப்பது ஏன் அவ்வளவு பெரிய கலவரமாகிறது என்பது இதைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். கனவுக் காட்சியில் கசாப்புக்காரரின் செத்துப்போன மனைவி ஆவியாக வருவது, பழைய சம்பந்தத்தை முறிக்க மனைவியிடம் டெவ்யே அவிழ்த்துவிடும் பொய். முதல் முறை அம்மா அதை நிஜப் பேய் என்றே நினைத்துவிட்டார். இன்னொன்று: நாங்கள் பார்த்த தயாரிப்பு, இக்காலத்துச் சிவப்புக் குளிர்ச்சட்டை அணிந்த ஒருவர் மேடையில் நின்று படிப்பதில் தொடங்குகிறது. தவறான நாடகத்துக்கு வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

7. காட்சியன்று

7:30 என்றால் 7:30தான். நாங்கள் 7:36க்குப் போனோம். தாமதமாக வருபவர்களை ஏதாவது ஓர் இடைவெளி வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். இந்த நாடகத்தின் தொடக்கப் பாட்டோ ஊரையும் அதன் எல்லா மனிதர்களையும் அறிமுகம் செய்யும் நீண்ட பாட்டு. அதைத் தவறவிட்டவருக்கு யார் யார் என்று கடைசிவரை குழப்பம் தீராது.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உள்ளரங்கின் கதவு வழக்கமாக அரை மணி நேரத்துக்கு முன் திறக்கும். பாதுகாப்புச் சோதனைக்கும் வரிசைக்கும் இருபது நிமிடம். பார்க்கிங்கிலிருந்து முதியவர்களின் நடைக்குப் பதினைந்து நிமிடம். நகர மையத்துக்கு 6:30க்குள் போய்ச் சேருவது சரியாக இருக்கும். பார்க்கிங் இடத்தை முன்கூட்டியே செயலியில் பதிவு செய்யலாம். முதல் முறை வாசலில் 35 டாலர் கொடுத்தேன், இரண்டாம் முறை இரண்டு தெரு தள்ளி முன்பதிவில் 14.

நாடகம் இடைவேளை சேர்த்து மூன்று மணி நேரத்தை நெருங்கும். வெளியுணவுக்கு அனுமதியில்லை, முறுக்குப் பொட்டலம் சோதனை மேசையிலேயே நின்றுவிடும். சர்க்கரை நோயாளிகள் கிளம்பும் முன்பே வீட்டில் சாப்பிட்டுவிட வேண்டும். மருந்தோடு ஏதேனும் சாப்பிட வேண்டியவர்கள் வாசலில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரிய கைப்பைகளைத் தவிர்த்துவிடுங்கள். இடைவேளை பதினைந்து முதல் இருபது நிமிடம்தான். பெண்கள் கழிப்பறை வரிசை அதற்குள் முடிவதில்லை, எனவே விளக்கு எரிந்த கணமே எழுந்துவிட வேண்டும். குளிரூட்டல் கடுமையாக இருக்கும்; கோடையானாலும் பெரியவர்களுக்கு ஒரு சால்வை வேண்டும். உடைக்கு விதி ஏதும் இல்லை. அம்மா பட்டுப்புடவையில் வந்தார், பக்கத்து இருக்கைக்காரர் ஜீன்ஸில் வந்தார்.

8. முடிந்த பிறகு

விளக்கு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிங்குக்கு ஓடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை இருக்கையிலேயே கழித்துவிட்டு, நிதானமாகப் படி இறங்கி, காதுக் கருவியைத் திருப்பிக் கொடுத்து உரிமத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நான் கடைசிப் பாட்டில் கலங்கியிருந்த அப்பாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருவதிலேயே கவனமாக இருந்து, காதுக் கருவியை அவர் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். உரிமம் இல்லாமல் இரண்டு மணி நேரம் வண்டியோட்டி வீடு வந்து, மறுநாள் காலை பத்து மணிக்குப் பாக்ஸ் ஆபீஸ் திறந்ததும் தொலைபேசியில் பேசி, காதுக் கருவியைப் பதிவுத் தபாலில் அனுப்பி, உரிமத்தைத் திரும்பப் பெற ஒன்பது நாள் ஆயிற்று.